ரெய்டு விழுந்தால்: அறிகுறி பார்த்து ஃபைல்களை மீட்கும் வழிமுறை

ரெய்டு என்பது பல ஹார்ட் டிஸ்க்குகளை ஒரே சேமிப்பிடமாகக் கோர்த்து வைக்கும் முறை. அப்படி நான்கு ஹார்ட் டிஸ்க் போட்ட வீட்டு சர்வர் ஒரே நாளில் சாவது அபூர்வம். ஒரு டிஸ்க் தை மாதமே விலகியிருக்கும். எச்சரிக்கை மெயில் யாரும் திறக்காத முகவரிக்குப் போயிருக்கும். சித்திரையில் கோடை இடியோடு கரண்ட் போய்வந்த ஒரு மாலையில் இரண்டாவது டிஸ்க்கும் விலகும்போதுதான் விஷயம் வெளியே வரும். அந்த நிமிடம் வரைக்கும் பெரும்பாலான ஃபைல்கள் டிஸ்க் தட்டுகளில் அப்படியேதான் இருக்கின்றன. அவை அழிவது அதற்கடுத்த அரை மணி நேரத்தில்: பதற்றத்தில் அழுத்திய ‘ரிப்பேர்’ பட்டன், விண்டோஸ் கேட்ட ‘இனிஷியலைஸ்’ கேள்விக்குச் சொன்ன ‘ஓகே’, இணையத்தில் பார்த்து அப்படியே அடித்த ‘கிரியேட்’ கட்டளை.

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இப்படிப்பட்ட பெட்டிகள் இருப்பது கல்யாண ஸ்டுடியோக்களில், ஆடிட்டர் அலுவலகங்களில், மாங்கூழ் ஆலைகளின் கணக்கு அறையில், குடும்பப் படங்களைச் சேர்த்து வைத்திருக்கும் வீடுகளில். ஒரு முகூர்த்த நாளின் வீடியோவை மறுபடி எடுக்க முடியாது. அதனால் இந்த வழிமுறை முழுவதும் ஒரே ஒழுங்கில் நடக்கிறது: மூல டிஸ்க்கில் ஒரு பைட்கூட எழுதாமல் முதலில் நகல், பிறகு நகலின் மேல் வேலை.

இங்கே சொல்வது லினக்ஸ் எம்டி ரெய்டு பற்றியது. உபுண்டு, டெபியன் சர்வர்களில் இருப்பதும், சைனாலஜி போன்ற நாஸ் பெட்டிகளின் (நெட்வொர்க் வழியே ஃபைல் சேமிக்கும் பெட்டிகள்) உள்ளே ஓடுவதும் இதுதான். கட்டளைப் பெயர்களை உச்சரிப்புப்படி எழுதியிருக்கிறோம். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். ரெய்டை இயக்கும் முக்கியக் கருவி எம்டிஏடிஎம்.

எந்த அறிகுறியானாலும் முதல் வேலை

பெட்டியைத் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். ஒவ்வொரு முறையும் தள்ளாடும் டிஸ்க்குக்குச் சுமை. சில பெட்டிகள் எழுந்ததும் தாமாகவே ரீபில்டு (விலகிய டிஸ்க்கின் தகவலை மற்றவற்றிலிருந்து கணக்கிட்டுத் திரும்ப எழுதுவது) தொடங்கிவிடும். டிஸ்க்குகளைக் கழற்றும் முன் எந்த ஸ்லாட்டில் எது இருந்தது என்று மார்க்கரால் டிஸ்க்கின் மேலேயே 1, 2, 3, 4 என்று எழுதி, சீரியல் எண் தெரியும்படி போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். லினக்ஸ் கொடுக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி போன்ற பெயர்கள் ரீஸ்டார்ட்டுக்கு ரீஸ்டார்ட் இடம் மாறும். சீரியல் எண் மாறாது. வேலை முழுவதும் டெவ் டைரக்டரிக்குள் இருக்கும் ‘டிஸ்க், பை-ஐடி’ பெயர்களையே பயன்படுத்துங்கள்.

தேவையானவை:

நான்கு அல்லது ஆறு சாட்டா போர்ட் உள்ள ஒரு டெஸ்க்டாப். யுஎஸ்பி டாக் வேண்டாம். பல டாக்குகள் ஸ்மார்ட் விவரத்தை (டிஸ்க் தன் உடல்நிலை பற்றித் தானே வைத்திருக்கும் பதிவு) மறைக்கும், மோசமான செக்டர் (டிஸ்க்கின் சிறு சேமிப்புத் துண்டு) வந்தால் தொங்கிப்போய் டிஸ்க்கையே துண்டித்துவிடும்.

நகல் வைக்க இடம். நான்கு 4 டிபி டிஸ்க் கொண்ட ரெய்டு 5-இல் (ஒரு டிஸ்க் போனாலும் தாங்கும் வகை) மூன்று நல்ல நகல் போதும், ஆக 12 டிபி. ஒரே 16 டிபி டிஸ்க்கில் இமேஜ் ஃபைல்களாக வைப்பது வசதி. மீட்ட ஃபைல்களை இறக்கத் தனியாக இன்னொரு டிஸ்க் வேண்டும். இந்தச் செலவைத் தவிர்க்கப் பார்த்துத்தான் பலர் மூல டிஸ்க்கிலேயே கைவைக்கிறார்கள்.

சிஸ்டம்ரெஸ்க்யூ லைவ் பென் டிரைவ். டிடிரெஸ்க்யூ, எம்டிஏடிஎம், ஸ்மார்ட்சிடிஎல் மூன்றும் அதில் இருக்கின்றன.

புது சாட்டா கேபிள் நான்கு. ஒரு டேபிள் ஃபேன். பங்குனி, சித்திரை வெயிலில் தர்மபுரியில் மேஜைமேல் திறந்து வைத்த டிஸ்க் காற்றில்லாமல் ஓடினால் சீக்கிரம் சூடேறும். 55 டிகிரியை நெருங்கினால் நகலெடுப்பதை நிறுத்தி ஆறவிட்டுத் தொடருங்கள்.

நல்ல நிலையில் உள்ள 4 டிபி டிஸ்க்கை விநாடிக்கு 150 எம்பி வேகத்தில் நகலெடுக்க ஏழரை மணி நேரம் ஆகும். மோசமான டிஸ்க் என்றால் இரண்டு மூன்று நாள்கூடப் போகலாம். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை உங்கள் துணைமின் நிலையத்துக்கு என்றைக்கு என்று பார்த்துவிட்டு, அந்த நாளில் இந்த வேலையை வைக்காதீர்கள்.

லைவ் லினக்ஸ் எழுந்ததும் முதலில் ரெய்டின் நிலையைக் காட்டும் ப்ராக் எம்டிஸ்டாட் ஃபைலைப் பாருங்கள். எம்டி127 போன்ற பெயரில் ஏதாவது தானாகவே பாதி கோர்க்கப்பட்டிருந்தால், எம்டிஏடிஎம் ஸ்டாப் கொடுத்துக் கலைத்துவிட்டுத் தொடருங்கள்.

அறிகுறி 1: பெட்டி பீப் அடிக்கிறது, ‘டிகிரேடட்’ என்கிறது, ஆனால் ஃபைல்கள் திறக்கின்றன

இந்த ஒரு நிலையில் மட்டும் பெட்டியை அணைக்காதீர்கள். வயதான டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கும்வரை ஓடும். நிறுத்தினால் மறுபடி சுழலாமல் போகலாம்.

புது டிஸ்க் வாங்கிவந்து உடனே ரீபில்டு போடுவதுதான் எல்லோரும் செய்வது. அதைத் தள்ளிப்போடுங்கள். ரெய்டு 5-இல் ரீபில்டு என்பது மிச்சமிருக்கும் மூன்று டிஸ்க்கின் ஒவ்வொரு செக்டரையும் படிப்பது. நான்கு டிஸ்க்கும் ஒரே நாளில் ஒரே பெட்டியிலிருந்து வாங்கியவை என்றால், மற்ற மூன்றும் அதே வயது, அதே வெயில், அதே தூசி பார்த்தவை. வருடக்கணக்கில் யாரும் தொடாத ஒரு மூலையில் படிக்க முடியாத செக்டர் ஒன்று காத்திருந்தால், அது வெளிப்படுவது அந்தப் படிப்பின்போதுதான். அங்கே இரண்டாவது டிஸ்க்கும் விலகும்.

ஆகவே ரீபில்டுக்கு முன் நெட்வொர்க் வழியாகவே ஃபைல்களை வெளியே எடுங்கள். வேறெங்கும் நகல் இல்லாதவை முதலில், திரும்ப டவுன்லோடு செய்யக்கூடிய சினிமாவும் மென்பொருளும் கடைசியில். நகல் வந்து, மற்ற டிஸ்க்குகளின் ஸ்மார்ட் அறிக்கையும் சுத்தமாக இருந்தால் ரீபில்டு தொடங்கலாம்.

ஸ்மார்ட் அறிக்கையில் பார்க்க வேண்டிய எண்கள் நான்கு. 5, மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள். 197, படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள். 198, டிஸ்க் தானே சோதித்துப் பார்த்தும் திருத்த முடியாதவை. 199, கேபிள் வழியில் வந்த பிழைகள். 197 பூஜ்ஜியம் இல்லையென்றால் அந்த டிஸ்க்கை ரீபில்டில் நம்பாதீர்கள். மேலே ‘பாஸ்டு’ என்று பெரிதாக வந்தாலும் அதைப் பொருட்படுத்த வேண்டாம். செத்துக்கொண்டிருக்கும் டிஸ்க்கும் பல நேரம் ‘பாஸ்டு’ காட்டும்.

வாங்கும் புது டிஸ்க் எஸ்எம்ஆர் வகை (தடங்களை ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏற்றி எழுதுவது) இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாஸுக்கென்றே விற்ற சில ரெட் மாடல்கள் எஸ்எம்ஆர் வகை என்று வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனமே 2020-இல் ஒப்புக்கொண்டது. ரீபில்டு போன்ற இடைவிடாத எழுத்தில் அவ்வகை டிஸ்க் மிக மெதுவாகி, பெட்டி அதைப் பழுது என்று நினைத்து வெளியே தள்ளிவிடக்கூடும்.

அறிகுறி 2: ஒரே ஸ்லாட் டிஸ்க் அடிக்கடி காணாமல் போகிறது, ரீஸ்டார்ட் செய்தால் வருகிறது

199-ஆம் எண் ஏறிக்கொண்டே போய், 5-உம் 197-உம் பூஜ்ஜியமாக இருந்தால், டிஸ்க் நன்றாக இருக்கிறது. குற்றவாளி கேபிள் அல்லது பெட்டியின் பின்பலகை இணைப்பு. கிரானைட் பாலீஷ் பட்டறைகள் இருக்கும் பக்கம் மாவுபோன்ற கல்தூசி இணைப்பு முனைகளில் படிந்துவிடும். ஊதுபந்தால் ஊதி, கேபிளை மாற்றி, டிஸ்க்கை வேறு ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள். 199-இன் எண் ஒருபோதும் குறையாது. ஏறுவது நின்றதா என்பதுதான் கேள்வி.

இரண்டு மூன்று டிஸ்க் ஒரே நேரத்தில், அதுவும் பெட்டி எழும்போது காணாமல் போனால் அடாப்டரைச் சந்தேகியுங்கள். ஒரு 3.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும் விநாடியில் 12 வோல்ட்டில் ஏறத்தாழ 2 ஆம்பியர் இழுக்கும். நான்கு டிஸ்க்குக்கு 8 ஆம்பியர், அதாவது 96 வாட். வயதான அடாப்டர் மல்டிமீட்டரில் 12 வோல்ட் காட்டும். சுமை ஏறிய விநாடியில் சரியும்.

அறிகுறி 3: கரண்ட் போய்வந்தபின் ரெய்டு ‘இனாக்டிவ்’, எல்லா டிஸ்க்கும் நலம்

கோடை மழைக் காலத்தில் அதிகம் வருவது இதுதான். மீட்கவும் எளிது, கெடுக்கவும் எளிது.

நடந்தது என்னவென்றால், ரெய்டு ஒவ்வொரு டிஸ்க்கிலும் சூப்பர்பிளாக் என்ற சிறு குறிப்பை வைத்திருக்கிறது. யார் எத்தனையாவது இடம், சங்க் (ஒரு டிஸ்க்கில் தொடர்ந்து எழுதிவிட்டு அடுத்த டிஸ்க்குக்குப் போகும் துண்டு) அளவு என்ன, கடைசியாக எப்போது எழுதினோம் என்பதெல்லாம் அதில் இருக்கும். ‘ஈவன்ட்ஸ்’ என்ற எண்ணிக்கையும் இருக்கும். கரண்ட் திடீரென்று போனால் சில டிஸ்க்கில் இந்த எண் ஏறியிருக்கும், சிலவற்றில் ஏறியிருக்காது. எண்கள் ஒத்துப்போகாத டிஸ்க்கை ரெய்டு சேர்க்க மறுக்கிறது. ஏற்கனவே ஒரு டிஸ்க் குறைந்த நிலையில் இப்படி ஆனால் கெர்னல் பதிவில் ‘டர்ட்டி டிகிரேடட்’ ரெய்டைத் தொடங்க முடியாது என்ற வரியும் வரும்.

1. நான்கு டிஸ்க்கிலும் ரெய்டு பார்ட்டிஷனுக்கு எம்டிஏடிஎம் எக்ஸாமின் கொடுத்து, வெளிவருவதை முழுவதுமாக ஒரு ஃபைலில் சேமியுங்கள். இந்தக் காகிதம்தான் உங்கள் ஜாதகம். பென் டிரைவில் ஒன்று, போனில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2. ஈவன்ட்ஸ், அப்டேட் டைம், டிவைஸ் ரோல், டேட்டா ஆஃப்செட், சங்க் சைஸ், லேஅவுட் ஆறையும் ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதுங்கள்.

3. ஈவன்ட்ஸ் எண்களை ஒப்பிடுங்கள். 48213, 48213, 48211, 48209 என்பதுபோல் சில எண்களே வித்தியாசம் என்றால் நான்கும் ஒரே மாலையில் நின்றவை. 48213, 48213, 48211, 31077 என்று இருந்தால் நான்காவது டிஸ்க் எப்போதோ விலகிவிட்டது. அதன் அப்டேட் டைமும் பழைய மாதத்தைக் காட்டும். அதைச் சேர்க்கவே கூடாது.

4. ஓவர்லே போடுங்கள். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஓர் ஸ்பார்ஸ் ஃபைலை உருவாக்கி, லூப் டிவைஸாக்கி, டிஎம்செட்டப் ஸ்னாப்ஷாட்டாக டிஸ்க்கின் மேல் விரித்துவிட்டால், படிப்பது மூல டிஸ்க்கிலிருந்து வரும், எழுதுவதெல்லாம் அந்த ஃபைலுக்குப் போகும். கண்ணாடித் தாளை விரித்து அதன்மேல் எழுதுவதுபோல. பிடிக்கவில்லையென்றால் தாளை எடுத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம்.

5. ஓவர்லே டிவைஸ்களை வைத்து எம்டிஏடிஎம் அசெம்பிள், அதோடு ஃபோர்ஸ், ரீட்-ஒன்லி சேர்த்துக் கொடுங்கள்.

ஃபோர்ஸ் என்ற வார்த்தை பயமுறுத்தும். அது செய்வது, பின்தங்கிய டிஸ்க்கின் ஈவன்ட்ஸ் எண்ணை ஏற்றி எழுதுவது மட்டுமே. ஆனால் ‘எழுதுவது’ என்பதால்தான் ஓவர்லே. தவறான டிஸ்க்கை ஏற்றிவிட்டால் மாதக்கணக்கான பழைய தகவல் புதியதோடு கலந்துவிடும்.

கோர்த்துவிட்டால் மவுண்ட் செய்யும் முறை முக்கியம். எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டத்தை ரீட்-ஒன்லியாக மவுண்ட் செய்தாலும் அது ஜர்னலை (முடியாமல் நின்ற எழுத்துகளின் பதிவேடு) ஓட்டி டிஸ்க்கில் எழுதவே செய்யும். ‘நோலோட்’ என்ற தெரிவையும் சேர்த்தால்தான் எழுதாமல் இருக்கும். எக்ஸ்எஃப்எஸ் என்றால் ‘நோரெக்கவரி’.

இன்வெர்ட்டர் இருந்தும் இது ஏன் நடக்கிறது என்று பலர் கேட்கிறார்கள். கம்ப்யூட்டர் பவர் சப்ளை மின்சாரம் இல்லாமல் தாங்குவது 16, 17 மில்லி செகண்ட். பல வீட்டு இன்வெர்ட்டர்களில் யுபிஎஸ், சாதாரணம் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். சாதாரண நிலையில் மாறும் நேரம் இதைத் தாண்டிவிடும். ஃபேனும் லைட்டும் சிமிட்டாமல் ஓடும், சர்வர் மட்டும் விழுந்து எழும். சுவிட்சை யுபிஎஸ் நிலைக்கு மாற்றுங்கள். சர்வருக்குத் தனி யுபிஎஸ் வைத்து, பேட்டரி குறைந்தால் தானே அணையும்படி யுஎஸ்பி கேபிளால் இணைப்பது இன்னும் நல்லது.

அறிகுறி 4: ரெய்டு 5-இல் இரண்டு டிஸ்க் விழுந்துவிட்டன

எக்ஸாமின் காகிதத்தை எடுங்கள். இரண்டில் எது முதலில் விழுந்தது? அப்டேட் டைம் பழையதாக உள்ளது முதலில் விழுந்தது, அதை ஒதுக்குங்கள். கடைசியாக விழுந்தது எதுவோ அதுதான் உங்களைக் காப்பாற்றப் போகிறது. அது பெரும்பாலும் முழுதாகச் செத்திருக்காது. சில செக்டர்களைப் படிக்கத் தடுமாறியதால் வெளியேற்றப்பட்டிருக்கும்.

தடுமாறுவது ஏன் வெளியேற்றம் ஆகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க் ஒரு மோசமான செக்டரைப் படிக்க ஒரு நிமிடத்துக்கு மேலேயும் விடாமல் முயலும். லினக்ஸ் கெர்னல் 30 விநாடிதான் பொறுக்கும். பிறகு இணைப்பை ரீசெட் செய்யும், அதற்கும் பதில் இல்லையென்றால் டிஸ்க் போய்விட்டது என்று முடிவுகட்டும். நாஸ் டிஸ்க்குகள் 7 விநாடியில் ‘முடியவில்லை’ என்று சொல்லிவிடும். ரெய்டு அந்த ஒரு செக்டரை மற்ற டிஸ்க்குகளிலிருந்து கணக்குப் போட்டுத் திரும்ப எழுதிவிடும். ஸ்மார்ட்சிடிஎல் கருவியில் எஸ்சிடிஇஆர்சி என்ற அமைப்பை 70, 70 என்று வைத்தால் அதுதான் அந்த 7 விநாடி. டிஸ்க் அதை ஏற்காவிட்டால், கெர்னல் பக்கம் அந்த டிஸ்க்கின் டைம்அவுட்டை 180 ஆக உயர்த்துங்கள். இது அணைத்து எழுந்தால் மறந்துவிடும். ஒவ்வொரு முறையும் கொடுக்க வேண்டும்.

இப்போது நகல். டிடிரெஸ்க்யூ இதற்கென்றே செய்த கருவி. சாதாரணக் காப்பி மோசமான இடத்தில் முட்டி நின்றுவிடும். இது அந்த இடத்தைத் தாண்டிக் குதித்து, நல்ல பகுதிகளை எல்லாம் முதலில் வாரிக்கொண்டு, கடைசியில் மோசமான இடத்துக்குத் திரும்பும். எங்கே விட்டோம் என்பதை மேப் ஃபைலில் எழுதி வைக்கும். அந்த மேப் ஃபைல் இல்லாமல் ஒருபோதும் ஓட்டாதீர்கள். கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடர வைப்பது அதுதான். அதை லைவ் பென் டிரைவின் தற்காலிக நினைவகத்தில் வைக்காமல் நகல் வைக்கும் டிஸ்க்கிலேயே வையுங்கள்.

முதல் சுற்று சிறிய என் தெரிவோடு: சுரண்டும் வேலை இல்லாமல் எளிதாக வருவதை மட்டும் எடுக்கும். இரண்டாவது சுற்று அதே மேப் ஃபைலோடு, சிறிய டி தெரிவும் ஆர்3 தெரிவும் சேர்த்து: நேரடிப் படிப்பு, மூன்று மறுமுயற்சி. வேகம் சில கேபிக்கு விழுந்தால் பெரிய ஆர் தெரிவு கொடுத்துப் பின்னாலிருந்து படிக்கவிடுங்கள். சில தலைகள் அந்தத் திசையில் நன்றாகப் படிக்கின்றன. முதலில் எழுதுவது மூலம், இரண்டாவதாக எழுதுவது நகல். இந்த வரிசை மாறினால் மூல டிஸ்க்கின் மேல் வெறுமை எழுதப்படும். என்டர் தட்டும் முன் சீரியல் எண்ணை வாய்விட்டுப் படித்து, பக்கத்தில் ஒருவரை டிஸ்க் மேலுள்ள எண்ணோடு ஒப்பிடச் சொல்லுங்கள்.

நலமான இரண்டு டிஸ்க்கையும் இதேபோல் நகலெடுங்கள். மூன்று நகலையும் லூப் டிவைஸாக்கி, ஓவர்லே போட்டு, அறிகுறி 3-இல் சொன்னபடி ஃபோர்ஸோடு கோர்த்துவிடுங்கள். ஒரு டிஸ்க் குறைந்த ரெய்டாக அது எழுந்து நிற்கும்.

கடைசி டிஸ்க்கில் படிக்க முடியாத செக்டர்கள் இருந்திருந்தால், அந்த இடங்கள் மீட்ட ஃபைல்களில் ஓட்டைகளாக இருக்கும். எந்த ஃபைல் என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. டிடிரெஸ்க்யூவின் ஃபில் முறையில் அந்த இடங்களை மட்டும் ஒரு குறிச்சொல்லால் நிரப்பிவிட்டு, மீட்ட ஃபைல்களில் அந்தச் சொல்லைத் தேடினால் அடிபட்டவற்றின் பட்டியல் கிடைக்கும். 4 டிபியில் சில நூறு கேபி ஓட்டை என்றால் பெரும்பாலும் ஒன்றிரண்டு படம் பாதி சாம்பலாக வரும், அல்லது வீடியோவில் ஒரு நொடி கட்டம் கட்டமாக உடையும். ஒதுக்கி வைத்த பழைய டிஸ்க்கும் இங்கே சில நேரம் பயன்படும்: அந்த ஃபைல் அது விலகிய தேதிக்கு முன்பே எழுதப்பட்டு, பிறகு அந்தப் பகுதி தொடப்படாமல் இருந்தால், அதையும் வைத்து வேறொரு ஓவர்லேயில் கோர்த்து அந்த ஒரு ஃபைலை மட்டும் எடுக்க முயலலாம்.

அறிகுறி 5: டிக் டிக் என்ற சத்தம், அல்லது டிஸ்க் சுழலவே இல்லை

அணையுங்கள். மறுபடி கரண்ட் கொடுக்க வேண்டாம். தலை தட்டில் உரசினால் ஒவ்வொரு சுற்றும் காந்தப் பூச்சைச் சுரண்டும்.

ஃப்ரீசரில் வைக்காதீர்கள், வெளியே எடுத்ததும் ஈரம் தட்டில் படியும். வேறு டிஸ்க்கின் சர்க்யூட் போர்டைக் கழற்றி மாட்டுவதும் இப்போதைய டிஸ்க்குகளுக்கு உதவாது. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் உரிய அளவீடுகள் போர்டிலுள்ள ரோம் சிப்பில் இருக்கின்றன. அந்தச் சிப்பையும் இடம் மாற்ற வேண்டும்.

ஆனால் முதலில் எண்ணிப்பாருங்கள்: ரெய்டு 5-இல் சத்தம் போடுவது ஒன்றுதான், மற்ற மூன்றும் படிக்கின்றன, ஈவன்ட்ஸும் ஒத்துப்போகிறது என்றால் அந்த டிஸ்க்கே தேவையில்லை. இதை உறுதி செய்யாமல் லேபுக்குப் பெரிய தொகை கொடுப்பவர்கள் உண்டு.

தேவைதான் என்றால், தூசியற்ற அறை வைத்திருக்கும் மீட்பு லேபுக்குப் போக வேண்டும். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு சுமார் 90 கிலோமீட்டர். ஓசூர்க்காரர்களுக்கு அதில் பாதிதான். பெங்களூரின் எஸ்பி ரோடு உதிரிபாகம் வாங்க நல்ல இடம், டிஸ்க்கைத் திறக்க அல்ல. லேபில் கேளுங்கள்: திறக்கும் முன் மதிப்பீடு எழுத்தில் கிடைக்குமா, ஃபைல்கள் மீளாவிட்டால் கட்டணம் உண்டா, இமேஜ் ஃபைலாகவே திருப்பித் தருவீர்களா. இமேஜாக வந்தால் ரெய்டு கோர்ப்பதை நீங்களே செய்துகொள்ளலாம். எக்ஸாமின் காகிதத்தின் நகலையும் உடன் அனுப்புங்கள். ஒவ்வொரு டிஸ்க்கையும் ஆன்டி-ஸ்டாடிக் உறையில் போட்டு, இரண்டு அங்குலம் ஸ்பாஞ்ச் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு போங்கள். பஸ்ஸின் பின்சீட்டில், சக்கரத்துக்கு மேலே வேண்டாம். சேலம் பக்கம் போவதானால் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் அந்த இருக்கை தூக்கித் தூக்கிப் போடும்.

அறிகுறி 6: பெட்டி செத்துவிட்டது, டிஸ்க்குகள் நலம்

முதலில் வேறு அடாப்டர் போட்டுப் பாருங்கள். அதற்கும் எழாவிட்டால் டிஸ்க்குகளைக் கழற்றி டெஸ்க்டாப்பில் மாட்டுங்கள்.

சைனாலஜி பெட்டி என்றால் ஒவ்வொரு டிஸ்க்கிலும் முதல் பார்ட்டிஷன் சிஸ்டம், இரண்டாவது ஸ்வாப். உங்கள் ஃபைல்கள் அதற்கடுத்த பார்ட்டிஷனில், எம்டி ரெய்டுக்கு மேல் பல நேரம் எல்விஎம் (இடத்தை வால்யூம்களாகப் பிரிக்கும் அடுக்கு), அதற்கு மேல் எக்ஸ்ட்4 அல்லது பிடிஆர்எஃப்எஸ் என்று அடுக்கடுக்காக இருக்கும். உபுண்டுவில் எம்டிஏடிஎம், எல்விஎம்2 நிறுவி, ரெய்டைக் கோர்த்து, விஜிசேஞ்ச் ஏஒய் கொடுத்து வால்யூமை எழுப்பி, ரீட்-ஒன்லியாக (எக்ஸ்ட்4 என்றால் நோலோடும் சேர்த்து) மவுண்ட் செய்தால் போதும். வரிசைப்படி மாட்ட வேண்டியதில்லை, சூப்பர்பிளாக்கே சொல்லிவிடும். சில நிறுவனங்கள் எல்விஎம்மைத் தங்கள் வழியில் மாற்றி வைத்திருப்பதால் சாதாரண லினக்ஸில் வால்யூம் எழாது. அப்போது அதே வரிசை மாடல் பழைய பெட்டி ஒன்றைத் தேடுவது, மல்லுக்கட்டுவதைவிடச் சீக்கிரம் முடியும்.

விண்டோஸ் கம்ப்யூட்டரில் மாட்டவே மாட்டாதீர்கள்.

அறிகுறி 7: ரெய்டு எழுந்துவிட்டது, ஃபைல் சிஸ்டம் மவுண்ட் ஆகவில்லை

‘ராங் எஃப்எஸ் டைப், பேட் சூப்பர்பிளாக்’ என்று வந்ததும் எஃப்எஸ்சிகே (ஃபைல் சிஸ்டத்தைச் சோதித்துத் திருத்தும் கட்டளை) ஓட்டத் தோன்றும். டிஸ்க் வரிசை தவறாகக் கோர்க்கப்பட்டிருந்தால், எஃப்எஸ்சிகே நல்ல தகவலைத் தவறென்று எண்ணி வெட்டித் தள்ளும். ஓவர்லே இல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

எக்ஸ்ட்4-இல் மாற்று சூப்பர்பிளாக்குகள் உண்டு (இது ஃபைல் சிஸ்டத்தின் சொந்த சூப்பர்பிளாக், ரெய்டுடையது அல்ல). 4 கேபி பிளாக் என்றால் முதல் மாற்று 32768-ஆம் பிளாக்கில். மவுண்ட் கட்டளையின் எஸ்பி தெரிவு 1 கேபி கணக்கில் கேட்பதால் அங்கே 131072 என்று கொடுக்க வேண்டும். 32768 என்று கொடுத்து ‘அதுவும் போச்சு’ என்று கைவிட்டவர்கள் நிறைய. எக்ஸ்எஃப்எஸ் என்றால் எக்ஸ்எஃப்எஸ் ரிப்பேரைச் சிறிய என் தெரிவோடு வெறுமனே பார்க்க மட்டும் ஓட்டுங்கள். பெரிய எல் தெரிவு லாகை அழிக்கும், அது கடைசி வழி. பிடிஆர்எஃப்எஸ் மவுண்ட் ஆகாவிட்டால் ‘பிடிஆர்எஃப்எஸ் ரெஸ்டோர்’ மவுண்ட் இல்லாமலே ஃபைல்களை வேறு டிஸ்க்குக்கு எடுத்துத் தரும். இசட்எஃப்எஸ் பூல் என்றால் ரீட்-ஒன்லி இம்போர்ட்டில் தொடங்குங்கள்.

அறிகுறி 8: சூப்பர்பிளாக்கே இல்லை, அல்லது யாரோ ‘கிரியேட்’ போட்டுவிட்டார்கள்

முழு டிஸ்க்கையே ரெய்டில் சேர்த்திருந்தால், 1.2 வகை சூப்பர்பிளாக் டிஸ்க்கின் தொடக்கத்திலிருந்து 4 கேபி தள்ளி உட்கார்ந்திருக்கும். விண்டோஸ் எழுதும் ஜிபிடி அட்டவணை (பார்ட்டிஷன்களின் பட்டியல்) முதல் 34 செக்டர், அதாவது 17 கேபி. ஒரு ‘ஓகே’யில் சூப்பர்பிளாக் போய்விடும். மதர்போர்டு மாற்றியபின்பும் இது நடப்பதுண்டு: முன்பு ஜிபிடி போட்டிருந்த டிஸ்க்கைத் துடைக்காமல் ரெய்டில் சேர்த்திருந்தால், டிஸ்க் கடைசியில் மிச்சமிருக்கும் பழைய அட்டவணையைச் சில பயாஸ்கள் முன்பக்கம் ‘சரிசெய்து’ எழுதிவிடும். இரண்டு நிலையிலும் ஃபைல்கள் பத்திரமாகவே இருக்கின்றன. விலாசம் எழுதிய பலகை மட்டும் போயிருக்கிறது.

கிரியேட் கட்டளையை யாராவது போட்டு ரீசிங்க் ஓடிக்கொண்டிருந்தால், முதல் வேலை ரெய்டை ஸ்டாப் செய்வது. ரெய்டு 5-ஐப் புதிதாக உருவாக்கும்போது கட்டளையில் கடைசியாகப் பெயர் எழுதிய டிஸ்க்கின் மேல், மற்ற டிஸ்க்குகளிலிருந்து கணக்குப் போட்டு எழுதிக்கொண்டே போகும்; இதுதான் ரீசிங்க். வரிசை தவறு என்றால் அந்த டிஸ்க் மட்டும் ஓடிய அளவுக்குக் கெட்டிருக்கும், மற்ற மூன்றும் பெரும்பாலும் பிழைத்திருக்கும்.

மீட்கும் வழி, ஓவர்லேயின் மேல் எம்டிஏடிஎம் கிரியேட், கூடவே ரீசிங்க் தொடங்காமல் தடுக்கும் அஸ்யூம்-கிளீன். பழைய ரெய்டின் மெட்டாடேட்டா வகை, சங்க், லேஅவுட், டேட்டா ஆஃப்செட், டிஸ்க் வரிசை ஐந்தும் அப்படியே பொருந்த வேண்டும். எம்டிஏடிஎம்மின் இன்றைய இயல்பு மதிப்புகளை நம்பாதீர்கள், பழைய பதிப்பில் ஆஃப்செட் வேறு. உயிரோடிருக்கும் ஒரு டிஸ்க்கின் எக்ஸாமினில் 262144 செக்டர் என்று இருந்தால், இரண்டால் வகுத்து 131072 கே என்று கொடுங்கள். கெட்ட டிஸ்க்கின் இடத்தில் ‘மிஸ்ஸிங்’ என்று எழுதுங்கள். அப்போது ரீசிங்க் தொடங்க வழியே இல்லை. வரிசை மறந்துபோயிருந்தால் நான்கு இடத்துக்கு 24 வரிசைகள். ஒவ்வொன்றாக ஓவர்லேயில் போட்டுப் பார்ப்பது ஒரு மதிய வேலை. போனில் எடுத்த ஸ்லாட் படம் இருந்தால் பெரும்பாலும் முதல் முயற்சியிலேயே வரும்.

ஆர்-ஸ்டூடியோ, யுஎஃப்எஸ் எக்ஸ்ப்ளோரர் போன்ற கட்டண மென்பொருள்கள் வரிசையை ஊகிக்க உதவும். ஃபோட்டோரெக் இலவசம், ஆனால் ஃபைல் பெயரும் ஃபோல்டரும் இல்லாமல் எண்களாகக் கொட்டும். ஸ்டுடியோக்காரருக்கு ஐம்பதாயிரம் பெயரில்லாப் படங்கள் என்பது அரை மீட்புதான்.

மீட்டது சரியா என்று பார்ப்பது

மவுண்ட் ஆனதும், ஃபோல்டர் பெயர்கள் தெரிந்ததும் முடிந்துவிட்டதாக நினைக்காதீர்கள். சங்க் அளவு 512 கேபி என்றால், அதைவிடச் சிறிய ஃபைல் ஒரே டிஸ்க்கில் அடங்கியிருக்கலாம். வரிசை தவறாக இருந்தாலும் அது அழகாகத் திறக்கும். நான்கு டிஸ்க் ரெய்டு 5-இல் ஒரு முழு வரிசையில் அடங்குவது 1.5 எம்பி. 20 எம்பிக்கு மேற்பட்ட ரா படங்களையும், ஒரு மணி நேர முகூர்த்த வீடியோவையும் திறந்து, நடுவில் தாவித் தாவி, கடைசி வரைக்கும் பாருங்கள். பெரிய ஜிப் ஃபைல் இருந்தால் அதன் டெஸ்ட் வசதியை ஓட்டுங்கள். ஒரு பிட் மாறியிருந்தாலும் சொல்லிவிடும். டேலி கணக்குகளை வேறு கம்ப்யூட்டரில் திறந்து, விழுந்த நாளுக்கு முந்தைய கடைசி வவுச்சர் இருக்கிறதா என்று பாருங்கள்.

எல்லாம் வெளியே வந்தபின் புதுப் பெட்டியைப் புது டிஸ்க்குகளோடு முதலிலிருந்து அமையுங்கள். பழைய நான்கையும் அதே 1, 2, 3, 4 எழுத்தோடு, மேப் ஃபைல், எக்ஸாமின் காகிதம் சகிதம் உறையில் போட்டு, ஒரு முழு கல்யாண சீசன் முடியும்வரை அலமாரியில் வையுங்கள். ஆவணியில் யாராவது போன வருட ஆல்பம் கேட்டு வரும்போதுதான், எடுக்காமல் விட்ட ஃபோல்டர் ஒன்று நினைவுக்கு வரும்.